சாவியோடு தகவலும் கைமாற வேண்டும்: கட்டடத்தின் வாழ்நாள் நிர்வாகம், ஓர் எளிய அறிமுகம்

மூன்று வருடம் முன்பு, ஒரு சித்திரை மாத மாலை. நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் மூன்றாம் மாடி ஷாஃப்டுக்குள் குழாய் விட்டுப்போய்த் தண்ணீர் கொட்டுகிறது. லிஃப்ட் பக்கம் தண்ணீர் போவதற்குள் வால்வை மூட வேண்டும். மொட்டைமாடிக்கு ஓடினோம். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பதினோரு வால்வுகள், எல்லாம் ஒரே சாம்பல் பெயின்டில், வரிசையாக நிற்கின்றன. பில்டர் கொடுத்த வரைபடத்தைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்தால் அதில் ஏழு வால்வுகள்தான் இருக்கின்றன. பிளம்பர் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க, கீழே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சத்தம். கடைசியில், வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்ட பழைய வாட்ச்மேன் பெரியவருக்கு ஃபோன் போட்டோம்.

“டேங்குக்குத் தெக்கால, மூணாவது சார். நீலத் துணி கட்டி வச்சிருப்பேனே, பார்க்கலையா?”

துணி இல்லை. முந்தின வருடம் பெயின்ட் அடித்தவர்கள் அறுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்த நீலத் துணியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கட்டடத்தில் என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எதற்கு எது தொடர்பு, எப்போது யார் என்ன செய்தார்கள் என்ற அறிவு பெரும்பாலும் ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது; அவர் போனால் அதுவும் போகிறது. இதைச் சரிசெய்யத்தான் கட்டுமானத் துறை தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாரும் வெவ்வேறு அர்த்தத்தில் பேசுகிறோம். ‘பிம்’ என்றால் முப்பரிமாணப் படம் என்கிறார் ஒருவர். அது ஒரு மென்பொருளின் பெயர் என்கிறார் இன்னொருவர். ‘டிஜிட்டல் ட்வின்’ என்ற பெயரில் விளம்பரத்தில் காட்டுவது, கேமரா வீட்டுக்குள் பறந்து பறந்து போகும் வீடியோவை. முன்பணம் கட்டுகிறவர்கள் இந்தச் சொற்களை நம்பித்தான் கட்டுகிறார்கள் என்பதால், எது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளக்கு ஒரு முறை, நெய் தினமும்

பேச்சு வழக்கில் சொத்து என்றால் நிலம், வீடு, நகை. இந்தத் துறையில் ‘சொத்து’ என்பது கட்டடத்துக்குள் ஒரு வேலையைச் செய்துகொண்டு, கவனிப்பும் தேவைப்படுகிற ஒவ்வொரு பொருளும். பம்ப் ஒரு சொத்து. லிஃப்ட், தீயணைப்புக் குழாய், மின் பேனல் எல்லாம் சொத்து. மொட்டைமாடியில் பூசிய நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் சொத்துதான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாங்குவது, பொருத்துவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது, கடைசியில் கழற்றி மாற்றுவது வரைக்குமான கணக்கை ஒரே கணக்காக வைத்து முடிவெடுப்பதற்குப் பெயர் ‘வாழ்நாள் சொத்து நிர்வாகம்’.

இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. விளக்கு அணையாமல் எரிய தினமும் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று விட்டார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு சொல்லும். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது? மந்தை பெருகிக்கொண்டே இருக்கும்; கிழடானதும் செத்ததும் போக எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையரின் பொறுப்பு என்பதுதான் அதற்குப் பொருள். யார் கொடுத்தது, யார் பொறுப்பு, தினமும் எவ்வளவு நெய் என்று எல்லாம் சுவரிலேயே வெட்டியிருக்கும். விளக்கின் விலை ஒரு முறை, நெய்யின் செலவு என்றென்றும் என்பதை அந்த ஏற்பாடு புரிந்து வைத்திருந்தது.

இதையே ஒரு பம்ப் செட்டில் போட்டுப் பார்க்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார், விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதத் திறனுடன் முழுச் சுமையில் ஓடினால் அது இழுக்கும் மின்சாரம் சுமார் 4.4 கிலோவாட். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் வருடத்துக்கு ஏறக்குறைய 6,400 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 51,000 ரூபாய்க்கு மேல். முதல் வருடமே மின்கட்டணம் மோட்டாரின் விலையைத் தாண்டிவிடுகிறது. பதினைந்து வருடம் ஓடினால் ஏழரை லட்சத்துக்கும் மேல்! கொட்டேஷன் வாங்கும்போது 3,000 ரூபாய் குறைவு என்று எதை வாங்கினோம், அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டுமென்றால் அந்த மோட்டாரின் மாடல், பொருத்திய தேதி, ஓடிய நேரம், மாற்றிய பேரிங், கட்டிய பில் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது: கவனிப்பு தேவைப்படும் ஒவ்வொரு பொருளும் சொத்து. அதன் உண்மையான விலை வாங்கிய விலை அல்ல, வாழ்நாள் முழுக்க ஆகும் செலவு. அதைக் கணக்கிடத் தகவல் வேண்டும்.

கல்யாண ஆல்பமும் மொய் நோட்டும்

அடுத்தது பிம். ‘கட்டடத் தகவல் மாதிரியமைப்பு’ என்று தமிழில் சொல்லலாம். பேச்சில் எல்லாரும் பிம் என்றே சொல்வதால் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பெயரில் முக்கியமான சொல் நடுவில் இருக்கும் ‘தகவல்’.

கல்யாண வீட்டில் இரண்டு பதிவுகள் மிஞ்சும். ஒன்று ஆல்பம், இன்னொன்று மொய் நோட்டு. ஆல்பத்தில் முகங்கள் இருக்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் யார் என்றே தெரியாது. மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் ஒரு விசேஷம் என்று பத்திரிகை வந்தால் நாம் தேடி எடுப்பது நோட்டைத்தான். சாதாரண வரைபடமும் அழகான முப்பரிமாணப் படமும் ஆல்பம் மாதிரி. ஆல்பத்தில் ஒரு முகத்தைத் தொட்டால் மொய் நோட்டில் அவருடைய வரி திறக்கும், வரியைத் தொட்டால் முகம் தெரியும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினால் அதுதான் பிம்.

இது எப்படி வேலை செய்கிறது? பழைய முறைக் கணினி வரைபடத்தில் ஒரு கதவு என்பது சில கோடுகளும் ஒரு வளைவும். கணினிக்கு அது கதவு என்று தெரியாது. பிம் மாதிரியில் அது ‘கதவு’ என்ற பொருளாகவே பதிவாகிறது. அந்தப் பொருளோடு மூன்று விஷயங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று, வேறு எதற்கும் இல்லாத அடையாள எண். இரண்டு, பண்புகள்: அகலம், தயாரிப்பாளர், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும், உத்தரவாதம் எதுவரை. மூன்றாவது தொடர்பு, என் பார்வையில் இதுதான் உயிர். இந்தக் கதவு எந்தச் சுவரில் இருக்கிறது, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் திறக்கிறது? இந்தப் பம்ப் எந்தப் பேனலிலிருந்து மின்சாரம் எடுக்கிறது, எந்தத் தொட்டியை நிரப்புகிறது, அந்தத் தொட்டியிலிருந்து எந்த வால்வு வழியாக எந்த வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது? எங்கள் பெரியவர் நீலத் துணியில் கட்டி வைத்திருந்தது இந்தத் தொடர்பைத்தான்.

மென்பொருளுக்கு மென்பொருள் கோப்பு வடிவம் மாறும். ஆர்க்கிடெக்ட் ஒன்றில் வரைவார், குழாய் வேலை எடுத்தவர் இன்னொன்றில் செய்வார். இருவரும் பரிமாறிக்கொள்ள ‘ஐஎஃப்சி’ என்ற பொது வடிவம் இருக்கிறது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத இந்த வடிவம் 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமானது. கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும், மென்பொருள் கம்பெனி அவ்வளவு நாள் இருக்குமா என்று தெரியாது. அதனால் வாங்குபவர் பொது வடிவத்திலும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சுருக்கமாக, பிம் என்பது படமோ ஒரு மென்பொருளோ இல்லை. கட்டடத்தின் ஒவ்வொரு பாகமும் தன் எண், பண்பு, தொடர்பு ஆகியவற்றோடு பதிவாகும் முறை அது. படம் அதைப் பார்க்க ஒரு ஜன்னல்.

கைமாறும் நாளில் தொலைவது

இவ்வளவு வசதி இருந்தும் தகவல் எங்கே தொலைகிறது? கட்டியவர் கையிலிருந்து பராமரிப்பவர் கைக்குப் போகும் அந்தச் சில நாட்களில்தான்.

கட்டும்போது எல்லாத் தகவலும் யாரிடமாவது இருக்கும். குழாயை எங்கே திருப்பிப் போட்டது என்று மேஸ்திரிக்குத் தெரியும். மோட்டாரின் மாடல் சைட் என்ஜினியருக்குத் தெரியும், அவர்தான் பில்லைச் சரிபார்த்தார். வேலை முடிந்ததும் மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போகிறார், என்ஜினியர் கம்பெனி மாறுகிறார். கடைசி பில்லுக்கான பணம் வாங்கும் அவசரத்தில் நான்கு ஃபைலும் ஒரு பென்டிரைவும் அசோசியேஷன் கைக்கு வரும். அதில் இருப்பது பெரும்பாலும் கட்ட நினைத்ததன் வரைபடம். உண்மையில் கட்டியதைக் காட்டும் வரைபடத்துக்கு ‘கட்டியபடி வரைபடம்’ என்று பெயர், அது அபூர்வம். எங்கள் ஏழு வால்வு, பதினோரு வால்வு ஆன கதை இதுதான்.

இதன் செலவை அமெரிக்காவில் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்நாட்டின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, 2002 நிலவரப்படி, ஒருவர் மென்பொருளில் இருக்கும் தகவல் இன்னொருவருக்குப் போய்ச் சேராததால் அங்குள்ள பெரிய கட்டடங்கள், ஆலைகள் துறைக்கு வருடத்துக்கு 1,580 கோடி டாலர் வீணாவதாக மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது கட்டியவர்கள் தலையில் அல்ல, உரிமையாளர்கள், பராமரிப்பவர்கள் தலையில். பொருளின் விவரத்தைத் தேடியே நாள் போகிறது. கிடைத்ததைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. கிடைக்காவிட்டால் நேரில் போய் அளக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு தீர்வு அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவிலிருந்து 2007 வாக்கில் வந்தது. ‘கோபீ’ என்று அதற்குப் பெயர். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும்: பல தாள்கள் கொண்ட ஒரு எக்செல் கோப்பாகவே அதைக் கையாளலாம். ஒரு தாளில் மாடிகள், ஒன்றில் அறைகள், அடுத்ததில் கருவி வகைகள், அப்புறம் ஒவ்வொரு கருவியும், உதிரிபாகங்கள், பராமரிப்பு வேலைகள், ஆவணங்கள். ஒரு தாளில் உள்ள பெயர் இன்னொரு தாளோடு இணையும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அடிப்படை விதி: தகவலைக் கடைசியில் தேடாதே, பிறக்கும் இடத்திலேயே எழுது. மோட்டார் பொருத்தும் அன்று அதன் தகட்டைப் படித்துப் பதிய இரண்டு நிமிடம். எட்டு வருடம் கழித்து, துருப் பிடித்து எழுத்து அழிந்த அதே தகட்டின் முன் உப்புத்தாளும் டார்ச்சுமாக உட்கார்ந்தால் அரை நாள் போனாலும் சீரியல் எண் கிடைக்காது. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு பாதி உரிமையாளரின் பொறுப்பு. தனக்கு என்ன தகவல், எந்த வடிவத்தில், எப்போது வேண்டும் என்று ஒப்பந்தம் போடும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டடத் தகவலை நிர்வகிப்பதற்கென 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19650 தரம் இதை முதல் படியாக வைக்கிறது. கேட்காமல் எதுவும் வராது. எல்லாவற்றையும் கேட்டால் பயன்படாத குப்பை வரும்.

குடிவந்த பிறகு

தகவல் கைக்கு வந்துவிட்டது. இப்போது அது பராமரிப்பு மென்பொருளுக்குள் போகிறது. எந்தக் கருவிக்கு எப்போது சர்வீஸ், யார் செய்தது, என்ன மாற்றினார்கள், எவ்வளவு செலவு என்று வைத்திருக்கும் நிரல் அது. பராமரிப்பில் மூன்று வழிகள் உண்டு. கெட்டுப்போன பிறகு பார்ப்பது ஒன்று. கெட்டாலும் கெடாவிட்டாலும் தேதி வைத்துப் பார்ப்பது இன்னொன்று. பொருளின் நிலையைக் கவனித்து, கெடப்போகிறது என்று தெரிந்ததும் பார்ப்பது மூன்றாவது. மூன்றாவதுக்குத்தான் சென்சார் உதவுகிறது: மோட்டாரின் அதிர்வு, சூடு, இழுக்கும் மின்சாரம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருந்தால் பேரிங் தேய்வது சத்தம் வருவதற்கு முன்பே தெரியும்.

‘டிஜிட்டல் ட்வின்’ என்பது இங்கேதான் வருகிறது. கட்டடத்தின் தகவல் மாதிரியும், உண்மைக் கட்டடத்திலிருந்து தொடர்ந்து வரும் அளவீடுகளும் ஒன்றாக இணைந்து, இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவும், இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவும் முடிந்தால் அது ட்வின். அளவீடு வராவிட்டால் அது வெறும் மாதிரி. வீட்டுக்குள் பறக்கும் விளம்பர வீடியோவைத் தகவல் மாதிரி என்று கூடச் சொல்ல முடியாது.

பழைய கட்டடத்துக்கு இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு சிட்னி ஓபரா ஹவுஸைச் சொல்வேன். அது 1973-இல் திறக்கப்பட்டது, வரைந்ததெல்லாம் தாளில். 2007-இல் ஆஸ்திரேலியக் கட்டுமான ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டு, பிம்-ஐப் பராமரிப்புக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதன் கூரையில் பத்து லட்சத்துக்கு மேல் ஓடுகள் இருக்கின்றன. கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் ஓட்டைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார்கள். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான். உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் ஓசை மாறும். காதும் கையும் மனிதருடையவை. ஆனால் பத்து லட்சத்தில் எந்த ஓடு, எந்த இடம், போன முறை அது எப்படி இருந்தது என்று பதியாவிட்டால் தட்டியதற்குப் பலன் இல்லை. தொழில்நுட்பம் அந்தத் தொழிலாளியை விலக்கவில்லை, அவர் கேட்டதை மறக்காமல் வைத்துக்கொள்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: மென்பொருள் வரலாற்றை வைத்திருக்கிறது, சென்சார் நிகழ்காலத்தைச் சொல்கிறது, இரண்டும் மாதிரியோடு இணைந்தால் டிஜிட்டல் ட்வின்.

உயிர் போகும் இடம்

செலவு, வசதி என்று மட்டும் பேசினால் விஷயத்தின் கனம் புரியாது. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ பரவியதற்கு முதன்மைக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டிய, எரியக்கூடிய தகடுகள். ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு சிறிய விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. சீரமைப்பின்போது கீழே கூடுதல் தளங்கள் உண்டாகி மாடி எண்கள் மாறியிருந்தன. படிக்கட்டில் எண்கள் தெளிவாக இல்லை. இருந்த இடங்களிலும் பழைய எண்களே இருந்தன. புகைக்குள் ஏறிய தீயணைப்பு வீரர்கள் எந்த மாடியில் நிற்கிறோம் என்று தடுமாறினார்கள். தளவரைபடமும் அவர்கள் கையில் இல்லை.

அதன்பின் பிரிட்டிஷ் அரசுக்காகக் கட்டட விதிகளை ஆராய்ந்த பொறியாளர் ஜூடித் ஹாக்கிட், 2018 அறிக்கையில் ‘பொன்னிழை’ என்ற கருத்தை வைத்தார். வடிவமைப்பு முதல் குடியிருப்பு வரை அறுபடாமல், டிஜிட்டலாக, திருத்தப்பட்ட நிலையில் இருக்க வேண்டிய பாதுகாப்புத் தகவல்தான் அது. 2022-இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இங்கிலாந்தில் குறைந்தது 18 மீட்டர் உயரமோ குறைந்தது ஏழு தளங்களோ உள்ள குடியிருப்புகளுக்கு இதை வைத்திருப்பது கட்டாயம்.

நம் அடுக்ககத்தில் எங்கே தொடங்குவது

நாற்பது வீட்டு அடுக்ககத்துக்கு பிம் மாதிரியோ சென்சாரோ இப்போதே தேவையில்லை. ஒரு எக்செல் கோப்பும் ஒரு ஃபோன் கேமராவும் போதும். நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். எண், இடம், தகட்டின் புகைப்படம், வாங்கிய தேதி, ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) யாரிடம், எந்த மின் சுவிட்ச், எந்த வீடுகளுக்குப் போகிறது என்று ஒரு வரி. அதே எண் அலுமினியத் தகட்டில் பொறித்து, துருப்பிடிக்காத கம்பியால் கட்டியாயிற்று. அப்புறம் ஒரே ஒரு விதி: யார் எந்த வேலை செய்தாலும் அன்று மாலைக்குள் அந்த வரியில் எழுதாமல் பில் பாஸ் ஆகாது. முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது, பிளம்பரே இப்போது “எண்ணைச் சொல்லுங்க சார்” என்கிறார்.

புதிதாக வீடு வாங்குகிறவர்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 17-இன்படி, வரைபடங்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது பில்டரின் கடமை. உள்ளூர்ச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் முடிவுச் சான்றிதழ் கிடைத்த 30 நாளுக்குள். பிரிவு 14-இன்படி, வீடு ஒப்படைத்த 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைச் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். எப்போது எதில் குறை தெரிந்தது என்று காட்ட உங்கள் பதிவேடுதான் சாட்சி. சாவி வாங்கும் அன்று கட்டியபடி வரைபடத்தையும் கருவிப் பட்டியலையும் கேட்டு, கையெழுத்துப் போடும் முன் மொட்டைமாடிக்குப் போய் வால்வுகளை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மூன்றாவது வால்வுக்கு இப்போது வி-03 என்று பெயர். எண் போட்டு முடித்ததும் பெரியவருக்கு ஃபோன் போட்டுப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தோம். இரண்டை நாங்கள் மாற்றி எழுதியிருந்தோம். இந்த வருடம் மறுபடி பெயின்ட் வேலை. தகடுகளின் மேல் டேப் ஒட்டிவிட்டு அடிக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கியிருக்கிறோம்.